நூலும் மைக்ரானும்

மெக்கானிக்கல் டிப்ளமோ என்றால் மெஷின் ஓட்டக் கற்றுத்தரும் படிப்பு என்றுதான் எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத், டூல் ரூம், இன்ஸ்பெக்ஷன் என்று மாறி மாறி வேலை பார்த்துவிட்டு, இப்போது அங்கேயே ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறேன். மெஷின் ஓட்டுவதை, நல்ல சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்றால், சில மாதங்களில் யாரும் பழகிவிடலாம். வருடக்கணக்கில் உட்கார்ந்து படிக்க வேண்டியது அளவு பார்ப்பதை. எதை அளக்கிறோம், எதை வைத்து அளக்கிறோம், வந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது பிடிபடாதவர் எவ்வளவு விலை உயர்ந்த மெஷின் முன்னால் நின்றாலும் பட்டன் அமுக்குகிறவராகவே இருந்துவிடுவார்.

அம்பத்தூர், பாடி, ஆவடி என்று மேற்குச் சென்னையின் இந்த ஊர்களில் பிறந்தவர்களுக்கு அளவு பற்றிய பேச்சு புதிது இல்லை. 1951இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. சைக்கிளுக்குக் குழாய் வேண்டுமே என்று 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. அடுத்த சில வருடங்களில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாகக் கம்பெனிகள் எழும்பின. காமராஜர் ஆட்சியில் ஆர். வெங்கடராமன் தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. பெரிய கம்பெனிக்கு ஆயிரம் சின்ன உருப்படிகள் தேவை. அதைச் செய்து கொடுக்கப் பக்கத்திலேயே ஆள் வேண்டும். 1960களில் அமைந்த அம்பத்தூர் எஸ்டேட் அந்தத் தேவையால் நிறைந்தது. புஷ், பின், பிராக்கெட், ஸ்பேசர் என்று ஒரு காருக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் எத்தனையோ உருப்படிகள் பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கடைசல் ஆனவை.

என் அப்பா டேங்க் ஃபேக்டரியில் மெஷினிஸ்ட். ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரி என்ற முழுப்பெயரை ஆவடியில் யாரும் சொல்வதில்லை. 1965இல் முதல் விஜயந்தா டேங்க் அங்கிருந்து வெளிவந்தது. அப்பா சேர்ந்தது அதற்குச் சில வருடம் கழித்து. வீட்டில் ஜன்னல் கொக்கிக்கு ஸ்க்ரூ வாங்கி வரச் சொன்னால் "ரெண்டு நூல்" என்பார். அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஃபேக்டரி வேலையைப் பற்றிப் பேசும்போது அதே மனிதர் "தௌ" என்பார், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "நாலு தௌ கூட இருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டான்" என்று அம்மாவிடம் வருத்தப்படுவார். அம்மாவுக்கும் அது புரியும். மேற்குச் சென்னையில் இப்படி நிறையத் தொழிலாளர் வீடுகள் இருந்தன.

பத்தாம் வகுப்பு முடித்து நான் சேர்ந்தது சாண்ட்விச் டிப்ளமோ. சாதாரண டிப்ளமோ மூன்று வருடம். சாண்ட்விச் மூன்றரை வருடம். நடுவில் ஒரு பருவமும் கடைசியில் ஒரு பருவமும் தொழிற்சாலையில் கழியும். ஆவடி சத்தியமூர்த்தி நகரில் இருக்கும் முருகப்பா பாலிடெக்னிக் இந்த முறைக்குப் பெயர் பெற்றது. எஸ்டேட்டும் பாடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இந்தப் பகுதிக்கு அது பொருத்தமான ஏற்பாடு. ஜெர்மனியில் பள்ளியும் தொழிற்சாலையும் சேர்ந்தே தொழில் கற்றுத்தருகிற முறை பல தலைமுறையாக நடக்கிறது. அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்து மெக்கானிக்கல் என்ஜினீயரிங் டெக்னாலஜி என்று ஒரு பட்டம் வாங்குகிறார்கள். பாடங்களை வைத்துப் பார்த்தால் நம் டிப்ளமோவுக்கு அது ஏறக்குறைய உடன்பிறப்பு. படம் போடும் என்ஜினீயருக்கும் மெஷினில் நிற்கும் டர்னருக்கும் நடுவில் நின்று இருவர் பேச்சையும் புரிந்துகொள்ளும் ஆள் எல்லா நாட்டுக்கும் வேண்டியிருக்கிறது.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த எங்களுக்கு முதல் வருட ஆங்கிலப் புத்தகங்கள் மலையாக நின்றன. ஃபிட்டிங் ஷாப்பில் அந்தப் பயம் கிடையாது. அங்கே புத்தகமே கிடையாது. கையில் ஒரு மைல்டு ஸ்டீல் பட்டையைக் கொடுத்து, நான்கு பக்கமும் சதுரமாக அரத்தால் தேய்த்துக் கொண்டு வா என்பார்கள்.

அந்த வேலையை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று பல இடங்களில் அதை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். பட்டையைப் பிடிக்கும் வைஸின் உயரம் முழங்கைக்குச் சரியாக இருக்க வேண்டும். இடது காலை முன்வைத்து நிற்க வேண்டும். அரத்தின் பிடி வலது உள்ளங்கையில், நுனி இடது கையில். முன்னால் தள்ளும்போதுதான் அரம் வெட்டும். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். தள்ளத் தொடங்கும்போது இடது கையில் அழுத்தம் கூட இருக்க வேண்டும். அரம் முன்னேற முன்னேற அது வலது கைக்கு மாற வேண்டும். இந்த மாற்றம் கைக்கு வராத வரைக்கும் ஜாப்பின், அதாவது தேய்க்கும் உருப்படியின், இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நிற்கும். பல்லிடுக்கில் துகள் சிக்கி ஜாப்பில் கீறல் விழாமல் இருக்க அரத்தில் சாக்பீஸ் தேய்ப்போம். மார்க்கிங் செய்வதற்கு முன் மயில்துத்தக் கரைசலைத் தடவினால் இரும்பின் மேல் செம்பு படிந்து செந்நிறமாகும். அதில் ஸ்க்ரைபர் இழுத்த கோடு பளிச்சென்று தெரியும்.

தேய்த்த பக்கத்தின் மேல் மூலைமட்டத்தை, நாங்கள் டிரை ஸ்கொயர் என்போம், வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

"வெளிச்சம் தெரியுதாப்பா?"

"லேசாத் தெரியுது சார்."

"லேசான்னா எந்தப் பக்கம்? அந்தக் கோடியில எவ்ளோ, இந்தக் கோடியில எவ்ளோ?"

எங்கள் இன்ஸ்ட்ரக்டர் இந்தக் கேள்வியை விடவே மாட்டார். சில மைக்ரான் சந்து இருந்தாலே அதில் வெளிச்சம் கசியும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண் காட்டும் எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் கண்ணால் மைக்ரான் கணக்கில் பார்க்க முடியும் என்று அறிந்த நாள் என் படிப்பில் பெரிய நாள். "சரியா இருக்கு" என்ற வார்த்தையை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. எவ்வளவு சரி, எங்கே சரி என்று சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் எனக்குள் இறங்கியது ஃபிட்டிங் ஷாப்பில்தான். லேத்துக்கு அதற்கப்புறம்தான் போனோம்.

அளவியல் பாடத்துக்கான மெட்ராலஜி லேப் வேறு மாதிரியான இடம். கதவு எப்போதும் சாத்தியிருக்கும். உள்ளே கறுப்பு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட், அதன் மேல் துணி உறை. மரப்பெட்டியில் ஸ்லிப் கேஜ். எண்பத்தேழு துண்டுகள் கொண்ட ஒரு செட்டில் தேவையானதைப் பொறுக்கி அடுக்கினால் எந்த அளவையும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் கட்டலாம். 28.785 வேண்டும் என்றால் 1.005, 1.28, 6.5, 20 என்று நான்கு துண்டுகள். கடைசி இலக்கத்திலிருந்து கழித்துக்கொண்டே போக வேண்டும். துண்டுகளை வெறுமனே ஒன்றன்மேல் ஒன்று வைக்கக் கூடாது. பெட்ரோலில் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து, லேசாக அழுத்திச் சுழற்றி நேராக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பசையும் இல்லை, காந்தமும் இல்லை. அவ்வளவு மட்டமான பரப்புகள் அவை. தூக்கினால் கீழ்த்துண்டும் கூடவே வரும். முதல்முறை பார்த்தபோது வகுப்பே வாய்பிளந்து ஆச்சரியப்பட்டது. விரல் ரேகை பட்டால் துருப்பிடிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் பிரித்துத் துடைத்து வாசலின் தடவிப் பெட்டியில் வைக்காமல் யாரும் வெளியே போக முடியாது.

தொழிற்சாலைப் பருவத்துக்குப் பாடிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு அனுப்பினார்கள். 25 எச்7 என்று படத்தில் போட்டிருக்கும் ஒரு துளைக்கு அங்கே பிளக் கேஜ் வைத்திருந்தார்கள். 25 மில்லிமீட்டருக்கு எச்7 என்றால் துளை 25.000க்குக் குறையக் கூடாது, 25.021ஐத் தாண்டக் கூடாது. கேஜின் ஒரு முனை கோ, மறுமுனை நோ-கோ. கோ உள்ளே போக வேண்டும், நோ-கோ வாயிலேயே நிற்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் அங்கிருந்த மூத்த இன்ஸ்பெக்டர் அண்ணன் ஒருவர் கேஜைப் பிடிக்கும் விதமே தனி. இரண்டு விரலால் தொங்கவிட்டு, அதன் சொந்த எடையில் இறங்குகிறதா என்று பார்ப்பார். "நீ தள்ளினா எதுவும் போகும் தம்பி. தானாப் போகணும்" என்பார். துளை வாயில் பிசிறு இருந்தால் நல்ல துளையும் ரிஜெக்ட் ஆகும். துளைக்குள் எண்ணெயோடு துகள் ஒட்டியிருந்தால் கேஜே தேய்ந்துபோகும். ஆகவே அளப்பதற்கு முன் பிசிறு எடுப்பது, துடைப்பது, கேஜைத் துடைப்பது. பார்ப்பவருக்கு மெதுவாகத் தெரிந்தாலும் ஷிஃப்ட் முடிவில் எண்ணிப் பார்த்தால் அவர் பார்த்த உருப்படிகள்தான் அதிகம் இருக்கும். செய்ததை அவர் திரும்பச் செய்ய வேண்டியதே இல்லை.

படம் படிப்பதும் அளவின் பாகம்தான். நம் நாட்டுப் படங்கள் ஃபர்ஸ்ட் ஆங்கிளில் இருக்கும், அமெரிக்கப் படங்கள் தர்ட் ஆங்கிளில். வலதுபக்கத் தோற்றத்தை ஃபர்ஸ்ட் ஆங்கிளில் இடப்புறம் வரைவார்கள், தர்ட் ஆங்கிளில் வலப்புறமே வரைவார்கள். மூலையில் இருக்கும் சின்னக் கூம்புக் குறியைப் பார்க்காமல் வேலை ஆரம்பித்தால் எல்லா அளவும் மைக்ரான் சுத்தமாக வந்து, ஜாப் மட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறி நிற்கும். ஏற்றுமதி ஆர்டர்கள் எஸ்டேட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு டிப்ளமோ படித்தவர்களைச் சின்னப் பட்டறைகளும் தேட ஆரம்பித்ததற்கு இது ஒரு காரணம்.

என் படிப்பு எனக்கு வேலையில் கைகொடுத்த சம்பவம் ஒன்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பட்டறையில் இருந்தேன், மே மாதம். அலுமினியம் ஸ்லீவ் ஒரு லாட், வெளிவிட்டம் 80 மில்லிமீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது, கீழ்ப்பக்கம் மட்டும் 30 மைக்ரான் வரை குறையலாம் என்று சலுகை. லேத்திலிருந்து கழற்றியதும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, எல்லாம் அளவுக்குள் என்று அனுப்பினோம். வாங்கிய கம்பெனியின் ஸ்டாண்டர்ட்ஸ் ரூமில் பெரும்பகுதி அண்டர்சைஸ் என்று வந்தது. பட்டறை முதலாளி டர்னரைத் திட்டினார், டர்னர் மைக்ரோமீட்டரைத் திட்டினார். மைக்ரோமீட்டரை ஸ்லிப் கேஜில் வைத்துப் பார்த்தோம், ஜீரோ சரியாக இருந்தது.

எனக்கு மெட்ராலஜி வகுப்பின் முதல் பாடம் நினைவுக்கு வந்தது. உலகம் முழுவதும் நீள அளவுக்கு அடிப்படையாக வைத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். படத்தில் 80 என்று எழுதினால் 20 டிகிரியில் 80 என்று பொருள். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, பதினொன்று பன்னிரண்டு மைக்ரான் நீளும். அலுமினியம் இருபத்துமூன்று நீளும். காகிதத்தில் கணக்குப் போட்டேன். மெஷினிலிருந்து இறங்கிய ஸ்லீவ் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 20க்கு வரும்போது 46 மைக்ரான் சுருங்கும். மைக்ரோமீட்டர் எஃகு, ஷெட் சூட்டில் 35 டிகிரியில் இருந்த அது 14 மைக்ரான்தான் சுருங்கும். மிச்சம் 32. நமக்குக் கொடுத்த சலுகையே 30. டர்னர் வேலையில் குறையே இல்லை. சூட்டோடு அளந்ததுதான் கோளாறு.

எஃகு ஜாப்பாக இருந்து, மைக்ரோமீட்டரும் ஜாப்பும் ஒரே சூட்டில் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்து நீண்டு கணக்கு நேராகியிருக்கும். அலுமினியத்துக்கு அந்த வசதி இல்லை; இரண்டும் 38 டிகிரியில் ஆறிய பிறகு அளந்தாலும் 80 மில்லிமீட்டருக்குப் பதினாறு மைக்ரான் கூடக் காட்டும். அதனால் அதே அலுமினியத்தில் ஒரு மாஸ்டர் செய்து, அதைக் குளிர் அறையில் அளந்து எண்ணைப் பொறித்து வாங்கி வந்தோம். ஷாப்பில் ஜாப், மாஸ்டர், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே இரும்பு மேஜையில் கொஞ்ச நேரம் கிடத்தி, மாஸ்டரோடு ஒப்பிட்டு ஜாப்பைப் பார்த்தோம். அதற்கப்புறம் லாட் திரும்பவில்லை. ஏ.சி. அறை கட்டப் பணம் இல்லாத பட்டறைக்கு ஒரு வகுப்பறைப் பாடம் செய்து கொடுத்த உதவி இது. என்னை விட எத்தனையோ மடங்கு கைத்திறன் உள்ளவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். படிப்பு எதற்கு என்று கேட்கிற பையன்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சி.என்.சி. வந்த பிறகு இதெல்லாம் தேவையில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பழைய எச்.எம்.டி. லேத்திலும் பி.எஸ்.ஜி. லேத்திலும் திரெட் போட ஹாஃப் நட்டைச் சரியான நொடியில் விழவைக்கக் கை பழக வேண்டும். இப்போது புரோகிராமில் ஜி76 என்று ஒரு வரி போதும். உண்மை. எனக்கு அந்த மெஷின்கள் மேல் ஒரு குறையும் இல்லை, என் பட்டறையிலும் ஓடுகின்றன. ஆனால் டூலின் வெட்டும் முனையான இன்சர்ட் தேயும். தேயத் தேய வெளிவிட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். காலையில் நடு அளவில் இருந்த ஜாப் மத்தியானம் மேல் எல்லையைத் தொடும். திரையில் காட்டும் எண் அப்போதும் அதேதான். டூலின் மூக்கு தேய்ந்தது கண்ட்ரோலருக்குத் தெரியாது. இடையிடையே அளந்து, எண்களை வரிசையாக எழுதி, போக்கைப் பார்த்து, எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே வேர் ஆஃப்செட்டில் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ இரண்டோ குறைப்பவர்தான் ஆபரேட்டர். ரிஜெக்ட் வந்த பிறகு ஆஃப்செட் மாற்ற யாராலும் முடியும். என்னிடம் வேலை பார்க்கும் பெண்களில் ஒருவர் இதை நோட்டில் எழுதாமலே சொல்லிவிடுவார். இன்சர்ட் மாற்ற வேண்டிய நேரம் வெட்டும் சத்தத்திலேயே தெரிகிறது என்பார். ஐ.டி.ஐ. டர்னர் படிப்பில் கைலேத்தில் கழித்த நேரம் தந்த பழக்கம் அது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மோட்டார்களைக் கழற்றிக் காயவைத்தோம், ரீவைண்டிங் கடைகளில் வரிசை நின்றது. பலரும் மெஷினைத் துடைத்து உடனே ஓட்டப் பார்த்தார்கள். நாங்கள் முதலில் ஒவ்வொரு லேத்துக்கும் ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்தோம். தரை இளகியிருந்ததால் படுக்கை முறுக்கிக்கொண்டிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் ஒவ்வொரு ஷாஃப்ட்டும் டேப்பராக வந்திருக்கும். வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேட் துருப்பிடித்து வீணாயிற்று. கிரானைட் பிளேட்டைக் கழுவித் துடைத்தோம், அது இன்றும் இருக்கிறது.

இப்போது படிக்க வருகிறவர்களுக்கு வாய்ப்பு எங்கள் காலத்தைவிட அதிகம். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட டிரேடு முடித்தால் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம். தமிழ் வழியில் மெக்கானிக்கல் பி.இ. படிக்க அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் வழி செய்தது. மாநிலத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் ரோபோ, முப்பரிமாண அச்சு எல்லாம் கொண்ட தொழில் 4.0 கூடங்கள் அமைக்க 2022இல் அரசு ஒப்பந்தம் போட்டது. இதெல்லாம் மனதார வரவேற்க வேண்டியவை. டேங்க் ஃபேக்டரித் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைக்காத மெஷின் இன்று கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று என்னிடம் கேட்க வரும் பெற்றோரிடம் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம் என்கிறேன். வேலை நாளில் போய், மெட்ராலஜி லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி யாரிடம் என்று தேட ஆரம்பித்தால் அந்த லேப் நடப்பதில்லை என்று அர்த்தம். ஸ்லிப் கேஜ் பெட்டியைத் திறந்தால் துண்டுகள் துருவில்லாமல், எண்ணெய்ப் பூச்சோடு, எல்லாக் குழியிலும் இருக்கின்றனவா பாருங்கள். இரண்டாம் வருடப் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு, மைக்ரோமீட்டரில் ஒரு ஜாப்பைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் அதன் இரண்டு முகங்களையும் துடைத்து, மூடி ஜீரோ பார்த்து, பிறகு ராட்செட்டைத் திருகினால் ஃபீஸ் கட்டிவிடலாம்.